மூன்று கடை பார்த்த கைக்கடிகாரம்

நிச்சயதார்த்தத்தன்று என் வருங்கால மாமனார் சபையில் எல்லோர் முன்னிலையிலும் என் இடது கையைப் பிடித்து ஒரு கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டார். தங்க முலாம் பூசிய சுவிஸ் கடிகாரம். ஐம்பதுகளின் நடுவில் அது சாமானியச் சீர் இல்லை. அவர் அச்சரப்பாக்கத்துப் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற சம்சாரி. தாமோ மணி பார்க்கத் தெரியாதவர், வெயிலைப் பார்த்தே பஸ்ஸைப் பிடிப்பவர். ரங்கூனில் வியாபாரம் செய்துவிட்டுப் புதுப்பட்டினம் திரும்பியிருந்த ஒரு பாயிடம் அதை வாங்கியிருந்தார். பாய் அதைப் பல வருஷம் தம் கையிலேயே கட்டியிருந்தாராம்.

நான் அப்போது செங்கல்பட்டில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. இலாகா பரீட்சையில் தேறிய புதிது. உலகத்தில் எனக்குத் தெரியாத விஷயம் ஏதாவது மிச்சம் இருக்கும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் ஆபீசில் கடிகாரம் மேஜைக்கு மேஜை போயிற்று. ஆளாளுக்குக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்கள். ஹெட்கிளார்க் மட்டும் ஆட்டவில்லை.

"கேசைப் பாத்து மயங்காத தம்பி. கேசு அசலாத்தான் இருக்கும். உள்ள மெஷினு இன்னா கீதுன்னு தொறந்து பாத்தியா? கை மாறி வந்த சாமானு வேற."

அசல் மெஷினில் கம்பெனி பேர் எங்கே பொறித்திருக்கும், சிவப்புக் கல் எத்தனை இருக்க வேண்டும், திருகாணித் தலை எப்படிக் கீறலில்லாமல் இருக்க வேண்டும் என்று அரைமணி நேரம் சொன்னார். இவ்வளவும் சொன்னவரிடம் கடிகாரமே கிடையாது. ஆபீஸ் சுவர்க்கடிகாரம் பத்து நிமிஷம் மெதுவாக ஓடியதால்தான் அவர் நேரம் தவறாதவர் என்று பேர் வாங்கியிருந்தார். ஆனாலும் வேலியில் போன ஓணானை எடுத்து நான் மடியில் விட்டுக்கொண்டேன்.

முதலில் பஜாரில் இருந்த ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதானவர். கத்தி முனையால் பின்மூடியைத் திறந்து, கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிப் பார்த்தார். "அசலு சார். பதினேழு கல்லு. எடுத்துனு போ" என்றார். காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். காசு வாங்காதவன் பேச்சை எப்படி நம்புவது?

இரண்டாவது கடை ரயிலடிக்குப் போகிற வழியில். அவர் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். "சோக்கான மெஷினு. குடுத்தவரு கையக் கண்ணுல ஒத்திக்க" என்றார். இந்த ஆளுக்கு மாமனாரை முன்பே தெரிந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாவது கடைக்காரன் என் வயதுக்காரன். மூடியைத் திறந்ததுமே பெருமூச்சு விட்டான். "மேலாலப் பாத்தா சொல்ல முடியாது சார். கழட்டிக் கழுவிப் பாக்கணும். வுட்டுட்டுப் போ, நாளிக்கு வா." சோதிக்கிறவன் என்றால் இப்படியல்லவா பேச வேண்டும் என்று நிம்மதியாக விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவன் சொன்னான்: "இன்னா சொல்றது சார். கேசு அசலு. மெஷினு டூப்பு. யாரோ உன்ன நல்லா ஏமாத்திகீறான்."

எனக்குத் துக்கம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. நான் நினைத்தது சரியாகப் போய்விட்டதல்லவா? இரண்டு பேர் நல்லது சொன்னதை நம்பாமல் ஒருத்தன் கெட்டது சொன்னதை உடனே நம்பினேன். கேட்டால் அதற்குப் புத்திசாலித்தனம் என்று பேர் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அச்சரப்பாக்கம் போய்ப் பெண் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைக் கழற்றி வெற்றிலைத் தட்டில் வைத்தேன். "மாமா, இது போலி. சிநேகிதர் ஒருத்தர் தற்செயலாகத் திறந்து பார்த்தார்" என்றேன். மூன்று கடையைச் சிநேகிதர் ஒருத்தராக ஆக்கியது என் சொந்தக் கைவேலை.

அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அதில் என்ன தெரியும்? "அந்தப் பாயி அப்டிப்பட்ட ஆளு இல்ல மாப்ள" என்றார்.

"ஆள் எப்படியோ, மெஷின் இப்படி" என்றேன். இந்த வாக்கியத்தை ரயிலில் வரும்போதே தயார் செய்திருந்தேன். உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது, பத்திரிகை அடித்தாகிவிட்டது. கட்டிக்கொள்ளப் போகிறவள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வாங்க, நேர்லயே கேட்டுடுவோம்."

செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினம் போகிற பஸ்ஸைப் பிடித்தோம். வழியெல்லாம் கை மாறிய சாமான் வாங்குவது எப்படி என்று நான்தான் அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பாய் கடையில் வலைநூலும் கயிறும் விற்றுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுக் கோபப்படவில்லை, டீ சொன்னார். பிறகு கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தார். ஆனால் மெஷினைப் பார்க்கவில்லை. மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"ரிப்பேர்காரன் எவன் தொறந்தாலும் மூடிக்குள்ள ஊசியால ஒரு அடையாளம் கீறுவான். நாளைக்குத் திரும்பி வந்தா தான் பாத்ததுன்னு தெரியணும் இல்ல? என் கையில இருந்தப்ப ரெண்டுதான், ரெண்டும் ரங்கூன்ல போட்டது. இப்ப அஞ்சு கீது." என் பக்கம் திரும்பினார். "மூணும் புதுசு. மூணு கடையா தம்பி?"

காசு வாங்காத கிழவரும்கூடப் பழக்கதோஷத்தில் கீறிவைத்திருந்தார். நான் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல உட்கார்ந்திருந்தேன். மாமனார் மூடியை வாங்கிப் பார்த்தார். மெஷின் புரியாவிட்டாலும் அவருக்கு எண்ணத் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு கீறலாக எண்ணினார்.

பாய் உள்ளே போய் ரங்கூன் கடை ரசீது ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் வாங்கியபோது மெஷினில் பொறித்திருந்த நம்பர் அதில் எழுதியிருந்தது. இப்போது கடிகாரத்துக்குள் இருந்ததோ வேறு நம்பர். "மூடி என்னுது. மெஷினு என்னுது இல்ல. எவங்கிட்டயாவது ராத்தங்க வுட்டியா?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அப்ப அவன் பொய் சொல்லலியே. அவன் சொல்றப்ப டூப்புதான் உள்ள இருந்துச்சு."

பிற்பாடு அந்த மூன்றாவது கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். "நாந்தானே சார் மொதமொதல்ல டூப்புன்னு சொன்னேன்" என்றான். இலாகா பரீட்சையில் இதற்கெல்லாம் பாடம் இல்லை.

அன்று புதுப்பட்டினத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் நின்றோம். கடற்காற்று மண்ணை வாரி அடித்தது. மாமனார் கடிகாரத்தை என் கையில் கொடுத்தார். வெட்கத்தில் அதைக் கட்டிக்கொள்ளவும் முடியவில்லை, பைக்குள் போடவும் முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் சாவதானமாகப் பேசினார்.

"பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னால எங்களப் பத்தி மூணு ஊர்ல கேட்டீங்கன்னு சொன்னாங்க மாப்ள. தப்பில்ல. கேக்கணும்தான்."

நான் கடிகாரத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"நாந்தான் ஒங்களப் பத்தி யாரையும் கேக்கல. சர்க்காரு வேல, நல்ல புள்ளன்னாங்க. அதோட வுட்டுட்டேன்." துண்டால் முகத்து மண்ணைத் துடைத்தார். "இப்பக் கேக்கலாம்னு தோணுது. பத்து நாளு குடுங்க."

அந்தப் பத்து நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஹெட்கிளார்க்குக்கு வலியப் போய் வணக்கம் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். டீக்கடைக்காரரிடம் மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவர் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாமனார் யாரிடம் என்ன கேட்டிருப்பார், அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தால், என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லக்கூடியவர் ஒருத்தர்கூட நிச்சயமாக நினைவுக்கு வரவில்லை. பயந்துதான் போனேன்.

பதினோராம் நாள் அச்சரப்பாக்கத்திலிருந்து ஆள் வந்தான். குறித்த முகூர்த்தத்தில் கல்யாணம் என்றான், வேறொன்றும் சொல்லவில்லை.

மாமனார் அதன் பிறகு வெகுகாலம் இருந்தார். என்னிடம் கடைசி வரை மரியாதை குறையவில்லை. விசாரித்தாரா, என்ன கேள்விப்பட்டார் என்று இரண்டொரு முறை மெல்லக் கேட்டுப் பார்த்தேன். சாப்பிட்டீங்களா மாப்ள என்று பேச்சை மாற்றிவிட்டார். என் மனைவியிடம் கேட்டால், அப்பாவைக் கேளுங்க என்பாள். விசாரித்ததில் நல்லவன் என்று தெரிந்து பெண்ணைக் கொடுத்தாரா, பத்திரிகை அடித்துவிட்டோமே என்று கொடுத்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.