பாயின்ட்டில் நின்ற பொம்மை ரயில்

அரியலூரில் முப்பது வருஷம் நிஜ ரயிலுக்குப் பாயின்ட் தள்ளியவன் நான். இன்று ஒரு பொம்மை ரயில் என்னை முழிக்க வைத்துவிட்டது.

சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பிய சவரிமுத்து வாத்தியார் கொண்டுவந்த பேட்டரி ரயில் அது. நாளை பள்ளிக்கூடத்தில் ஓட்டிக் காட்டவேண்டும். தண்டவாளம் பிரியும் பாயின்ட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

“நேத்து ஓடுச்சுங்களே பெரியவரே. நாளைக்கு மானம் போயிடும்.”

“பசியா இருக்கும் சார், இட்லி வச்சுப் பாருங்க.”

அவர் பாயின்ட்டைத் தடவினார். “யாரு இதுல எண்ணெய் வுட்டது? தண்டவாளத்துல வர்ற பேட்டரி கரண்டு எண்ணெயத் தாண்டாதுங்க.”

“எலி எண்ணெ வெளக்கத் தட்டி வுட்டுருக்கும்.”

துடைத்தோம். நகரும் தண்டவாளத்துக்குத் தனியாக ஒரு ஒயரும் பற்றவைத்தார். ரயில் நிற்காமல் ஓடியது. நாளையும் ஓடும்.

பாயின்ட்டைக் கண்டால் எண்ணெய் விடுவது என் கையின் பழக்கம்.

எல்லாரும் நாளை வாருங்கள். அந்த எலி யாரென்று சாரிடம் சொல்லப்போவது உங்களில் யார்?