பெயர் எழுதாத கசெட்

வீடியோக் கடை வைத்திருப்பவன் உலகத்துப் படங்களில் எல்லாம் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் பார்த்தவன். கசெட் ஓடுகிறதா என்று பார்ப்பதோடு அவன் ரசனை முடிந்துவிடும். இந்தத் தொழிலில் கிடந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளில் ஆரையம்பதியில் நானும் மச்சான் குணமும் கடை நடத்தினோம். மின்சாரம் வரும், போகும். சனம் வரும், சிலர் பிறகு வரமாட்டார்கள்.

கதவு திருத்துகிறவர்

வந்தாறுமூலை கெம்பஸில் படிப்பிக்கிற ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். அவர் ஒருநாள் வெளிநாட்டுப் படமொன்று தந்தார். ஒரு கிழவர் உடைந்த கதவைத் திருத்துகிறார். ஒன்றரை மணித்தியாலமும் அதுதான் கதை. கடைசியில் கதவு சாத்துகிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தை முடியும்வரை பார்த்தேன், அழுதும்விட்டேன். 

நல்ல படமொன்றைக் கண்டுபிடித்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? மீன் வியாபாரி கணபதி அண்ணருக்கு அதை வலிந்து கொடுத்துவிட்டேன். அடுத்த நாள் காலையிலேயே கசெட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதப் பாக்க நான் ஏன் உங்களிட்ட வரணும்? ஆமி உதைச்ச நாளிலயிருந்து எண்ட ஊட்டுக் கதவும் அப்பிடித்தான் கிடக்கு."

பேச்சில்லாத படம்

பிறகு அந்தக் கெம்பஸ்காரர் கோட்டுப் படங்கள் உள்ள கசெட் ஒன்று தந்தார், கையால் கீறி அசையவிட்ட படங்கள். ஒரு கோடு வளைந்து நாயாகும், நாய் நீண்டு மலையாகும், மலை பறந்துபோகும். ஒரு சொல் கிடையாது. மறுநாள் காலை கசெட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், அவர் ஊரை விட்டே போகிறார். பையில் போட்டுக்கொண்டு வருகிற வழியில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள்.

கசெட்டை முகாமுக்குள் கொண்டுபோய் ரிவியில் போட்டுப் பார்த்தார்கள். நான் வெளியே வெயிலில் குந்தியிருந்தேன். உள்ளே ஒரு சிரிப்புச் சத்தமும் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மத்தியானம் தாண்டித்தான் விட்டார்கள். கசெட்டைக் கையில் தந்த சிப்பாய் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "பேச்சு இல்ல. பேச்சு இல்லாட்டி உள்ள என்னமோ இருக்கு."

கொப்பி

எங்கள் கடையில் கலியாண வீட்டுக் கசெட்டுகளும் இருந்தன. வீட்டில் வைத்தால் சோதனைக்கு வருகிறவர்கள் எடுத்துப்போய், அதில் நிற்கிறவர்கள் யார் யார் என்று கேட்பார்கள். அதனால் சனம் எங்களிடம் தந்து வைத்தது. நாங்களும் கெட்டித்தனமாக ஒன்றிலும் பெயர் எழுதவில்லை.

அதில் ஒன்று பரமேஸ் அக்காவுடையது, அவரின் தங்கச்சியின் கலியாணம். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று வியர்வை துடைத்தபடி கமெராவைப் பார்த்துச் சிரிக்கிறவர் அக்காவின் புருசன். சுற்றிவளைப்பில் பிடித்துப் போனார்கள், ஆள் திரும்பவில்லை. வீட்டிலிருந்த அவரின் போட்டோக்களை எல்லாம் அக்கா விண்ணப்பங்களோடு முகாம் முகாமாகக் கொடுத்து முடித்துவிட்டார். மிச்சமிருந்த முகம் இந்தக் கசெட்டில் மட்டும்தான். கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

அன்றைக்குச் சாவடியில் அரைநாள் போய்விட்டது, கோட்டுப் படங்களைத் திருப்பிக் கொடுக்குமுன் எங்களுக்கு ஒரு கொப்பி எடுக்கவேண்டும். மின்சாரம் எப்போது நிற்குமோ தெரியாது. கொழும்பிலிருந்து வெற்றுக் கசெட் வராமல் மாதமாகிறது. மேசைக்குக் கீழே பெயரில்லாமல் கிடந்த ஒன்றை எடுத்து, ஓட்டிப் பார்க்காமல் டெக்கில் தள்ளிக் கோட்டுப் படங்களைக் கொப்பி பண்ணினேன். முடிகிற நேரத்தில்தான் குணம் வந்தான். மேசைக்குக் கீழே பார்த்தான், டெக்கைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "மச்சான், அது பரமேஸ் அக்காட கசெட்."

வெள்ளிக்கிழமை

கசெட்டில் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று அக்காவிடம் சொல்லச் சொன்னான் குணம். வாவிக்கரைக் காற்றில் எந்தக் கடைக்காரனும் சொல்கிற பொய், யாரும் நம்புவார்கள். எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடுங்க பாப்பம் என்று மட்டும் சொன்னார்.

கோடு நாயாவதையும் மலையாவதையும் ஒரு மணித்தியாலம் கண்ணெடுக்காமல் பார்த்தார். அது முடிந்ததும் கலியாணத்தில் அழியாமல் மிஞ்சிய கடைசித் துண்டு ஓடியது: பந்தி வந்தது, சோறு வந்தது, வெறும் கதிரைகள் வந்தன. அக்காவின் புருசன் வரவில்லை. நான் டெக்கை நிறுத்தினேன். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். "இதக் கீறினவரிட்டக் கேட்டா இவரையும் கீறித் தருவாரா தம்பி? முகத்த நான் சொல்லித் தாறன்."

நல்ல படங்களை ஊருக்குக் கொண்டுவந்தவன் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு பேர் இருக்கிறது. அவற்றை எதற்கு மேல் பதிந்தேன் என்பதை யாரும் கேட்பதில்லை.