வார்னிஷ் பூசாத இலக்கத் தகடு

முரசுமோட்டையில் எங்கள் வளவின் வேலியோரம் ஒரு கார் தென்னோலைக் கிடுகால் மூடிக் கிடந்தது. என் கணவர் அதை வாடகைக்கு ஓட்டியவர். ஒருநாள் மாலை எருமையொன்று குறுக்கே பாய, கார் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. காரைத் திருத்திக் கொண்டுவந்தார்கள். அவருடைய முறிந்த காலும் ஒருவழியாகக் கூடியது. ஆனால் இனி ஸ்டியரிங் பிடிக்கமாட்டேன் என்று அவர் ஒரே பிடியாக நின்றுவிட்டார். கார் நின்ற பக்கம் முகத்தைக்கூடத் திருப்பமாட்டார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கலியாணமாகி அதிக காலமில்லை. வயல் இருந்ததால் சோற்றுக்குக் குறையில்லை. ஆனாலும் வீதியே கதியென்று திரிந்த மனுஷன் கட்டிலில் முடங்கிக் கிடப்பதை எத்தனை நாள்தான் பார்ப்பது? எப்படியாவது அவரைத் திரும்பவும் காரில் ஏற்றிவிட வேண்டும் என்பதே என் ஒரே நினைப்பு.

படுக்கையில் இருந்தபடியே அவர் ஒரு மரத்துண்டைச் சீவத் தொடங்கினார். நாளாக ஆக அதில் பொனெற் தெரிந்தது, மட்காட் தெரிந்தது. எங்கள் கார்தான், ஒரு சாண் நீளத்தில். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வாயைத் திறந்தால் கத்தியைக் கீழே வைத்துவிடுவார் என்று பேசாமல் இருந்தேன்.

கறுப்புப் பெயின்ற் அடித்தாயிற்று. இனி இலக்கத் தகடும், கண்ணாடிக்கு மேலே 'முருகன் துணை'யும் வேண்டும். அவ்வளவு பொடி எழுத்தை வளைந்த மரத்தில் எழுதத் தூரிகை இடம் கொடுக்கவில்லை.

"கடதாசியிலை எழுதி ஒட்டுவம். நான் செய்து தாறன்," என்றேன்.

நான் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில், சைக்கிள் கடைக்குப் பக்கத்து வீட்டில். அங்கே பொன்னெழுத்துப் படங்களைத் தண்ணீரில் ஊறவைத்து, சைக்கிள் தண்டில் வழுக்கி ஒட்டுவதை வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டே நிற்பேன். அந்தத் துணிவுதான். விளாம்பிசினைக் கரைத்துக் கடதாசியில் பூசிக் காயவிட்டேன். மேலே மெல்லிசாக வார்னிஷ். அது காய்ந்ததும் வெள்ளைப் பெயின்றில் எழுத்து.

பின்னேரங்களில் தட்டில் தண்ணீர் விட்டு, வெட்டிய எழுத்தை அதில் மிதக்க விடுவோம். பிசின் மெல்ல இளகும். கடதாசி கீழே தாழ, எழுத்து மட்டும் வெங்காயத் தோல் மாதிரித் தனியே நிற்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம். யாராவது வந்து கூப்பிட்டாலும் எங்களுக்குக் கேட்டிராது. அதுவரை பகல் வெளிச்சத்தில் அந்த முகத்தை நான் ஆறுதலாகப் பார்த்ததே இல்லை.

ஒட்டிய பிறகு, தண்ணீர் பட்டுக் கழராமல் இருக்க மேலால் இன்னொருமுறை வார்னிஷ் பூச வேண்டும். போத்தல் காலியாகிவிட்டது.

"பூசை இல்லாமல் புது வாகனம் றோட்டிலை இறங்கலாமோ?" என்று அவர் பகிடியாகக் கேட்டார்.

நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. சந்தனம், குங்குமம் வைத்தேன். சக்கரத்தில் நசுங்கவேண்டிய தேசிக்காயைச் சில்லுக்கடியில் வைக்க, கார் அதன்மேல் ஏறி நின்றுகொண்டது. அவர்தான் கையால் அமத்தி நசுக்கினார். பிறகு மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். பெரிய காருக்குத் தெளிக்கிற கணக்கில் தெளித்துவிட்டேன்.

இலக்கத் தகடு அசைந்தது. பிறகு மெல்ல, ஆறுதலாக நழுவிக் கீழே இறங்கியது. முருகன் துணையும் பின்னாலே புறப்பட்டது. வார்னிஷ் இல்லை என்று தெரிந்தும் தண்ணீர் தெளித்த என் புத்தியை என்ன சொல்ல? ஆத்திரத்தில் மாவிலையை வீசி எறிந்தேன்.

"இஞ்சாரும், கார் நிக்குது, நம்பர் ஓடுது!" என்று அவர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். சிரித்தபடியே விரல்நுனியால் எழுத்துகளை மறித்துப் பழைய இடத்துக்கு நகர்த்தினார்.

"வார்னிஷ் எங்கை வாங்கலாம்?"

"கிளிநொச்சியிலைதான். பஸ்ஸும் போயிட்டுதுங்கோ."

அவர் எழுத்திலிருந்து விரலை எடுத்தார். பிறகு பொல்லை ஊன்றி எழுந்து, வேலியோரம் போய்க் கிடுகுகளை இழுத்துப் போட்டார். காருக்குள் ஏறி உட்கார்ந்தார்.

"பற்றரி செத்துப்போச்சு. நீர் முன்னாலை ஹாண்டிலைச் சுத்தும்."

கை வலிக்க வலிக்கச் சுற்றினேன். இரண்டு மூன்று முறை இருமிவிட்டுக் கார் உறுமியது.

"நான் வருமட்டும் எழுத்துக்கு மேலை ஈரத்துணி போட்டு வையும். காஞ்சால் ஓரம் கிளம்பிப்போகும்," என்றார். அவர் கண் அப்போதே வீதியில் இருந்தது.

வீட்டுக்குள் வந்து துணியை நனைத்தேன். ஆசைப்பட்டது நடந்துவிட்டது, சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தத் தண்ணீர்த் தட்டுக்கு முன்னால் தனியே உட்கார்ந்ததும் விம்மி விம்மி அழுதேன். இனிப் பின்னேரங்களில் அவர் வீட்டில் இருக்கமாட்டார்.