முதலில் காய்ந்த இடம்

அவருடைய சொந்தப் பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் பீப். டிவி பழுதுபார்க்கிறவர். கையில் எப்போதும் ஒரு மீட்டர் இருக்கும். அதன் இரண்டு முனைகளையும் வைத்த இடங்களுக்கு நடுவே தொடர்பு இருந்தால் பீப் என்று கத்தும். இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தம் அவர் வாய்க்கும் ஒட்டிக்கொண்டது. சாப்பிட்டாச்சா என்று கேட்டால் பீப். கதவைப் பூட்டினீங்களா என்று மனைவி கேட்டால் பீப். "உங்களக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு மைக்ரோவேவ் அடுப்பக் கட்டியிருக்கலாம், சாப்பாடாவது சூடாகும்" என்பார் அவர் மனைவி. அதற்கும் பீப்தான் பதில்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்த டிவி வந்தாலும், பின்பக்க மூடியைக் கழற்றும் முன்பே, "சின்ன விஷயம்தான்" என்று சொல்லிவிடுவார். டிவியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களின் முகம் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர்களின் முகம் மாதிரியே இருக்கும். அந்த முகத்துக்கு ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். பெரும்பாலும் அது சின்ன விஷயமாகவே இருந்துவிடும்.

அவருடைய அக்கா தன் டிவியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்த அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"என்னக்கா, போர்வை போத்திக் கூட்டிட்டு வந்திருக்க? குளிர்ஜுரமா?"

"வெளையாடாதடா. நேத்து சாயங்காலத்துலேருந்து படமே வரல. செவப்பு லைட்டு மட்டும் கண்ணடிக்குது."

"வயசான காலத்துல உன்னப் பாத்துக் கண்ணடிக்க ஒரு ஆள் இருக்கேன்னு சந்தோஷப்படு."

அக்கா சிரிக்கவில்லை. "அதுக்குள்ளதானேடா அவரு இருக்காரு" என்றாள்.

பீப்புக்கு அப்போதுதான் உறைத்தது. போர்வையை மெதுவாக விலக்கினார். "சின்ன விஷயம்தான்கா" என்றார்.

அவர் என்று அக்கா சொன்னது தன் புருஷனை. பஸ் கண்டக்டராக இருந்தவர், பீப்புக்கு மாமா. பல வருஷத்துக்கு முன் உள்ளூர் சேனல் ஒன்று பொதுஜனங்களைக் கூப்பிட்டு ஜோக் சொல்ல வைத்தது. பஸ்ஸில் நாளெல்லாம் வாய் ஓயாத மாமா, விளக்கு வெளிச்சத்தைப் பார்த்ததும் விறைத்துப்போய் நின்றார். அவர் சொல்ல வந்த ஜோக் இதுதான்: பிரேக்டவுன் ஆகி நிற்கிற பஸ்ஸில் ஒருத்தன் ஏறி டிக்கெட் கேட்கிறான். இது எங்கயும் போகாது, எதுக்கு உனக்கு டிக்கெட் என்கிறார் கண்டக்டர். அதுவரைக்கும் சரியாகச் சொன்னவருக்கு மேற்கொண்டு வரவில்லை. கையைப் பிசைந்தார். கடைசியில் நேராகக் கேமராவைப் பார்த்து, "அடியே, பாத்துக்கிட்டுதானே இருக்க, அப்புறம் அவன் என்ன சொல்லுவான்?" என்றார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது.

அக்கா அதை டிவியிலேயே பதிவு செய்து வைத்தாள். டிவிக்குப் பின்னால் செருகியிருந்த சின்ன ஹார்ட் டிஸ்கில் அது இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் போட்டுக் காட்டி மாமாவின் மானத்தை வாங்குவாள். பிறகு சேனலை மூடிவிட்டார்கள். போன வருஷம் மாமாவும் போய்விட்டார். அதன்பிறகு சாயங்காலம் ஆனால் அக்கா அதைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். மாமா கேமராவைப் பார்த்துக் கேட்டதும், இவள் நாற்காலியிலிருந்து பதில் சொல்லுவாள்: "'நான் போறேன்'னு பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டுக் கெளம்பிட்டேன் சார். டிக்கெட்டாவது எடுக்க வேணாமா?" பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போவாள்.

அக்காவைச் சமாதானப்படுத்த பீப் முதலில் குறுக்கு வழி ஒன்றைப் பார்த்தார். டிஸ்கை எடுத்துக் கடையில் ஓடிக்கொண்டிருந்த வேறொரு டிவியில் செருகினார். ரிமோட்டை அக்கா கையில் கொடுத்துவிட்டு, சுற்றிக் கிடந்த ஒயர்களை ஒதுக்கக் குனிந்தார்.

"ஏதோ கேக்குதுடா. ஓகேன்னு போட்ருக்கு. அமுக்கிடட்டா?"

பீப் நிமிர்ந்து பார்த்தார். இந்த டிஸ்கைப் படிக்க முடியவில்லை, முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாமா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. பாய்ந்துபோய் டிஸ்கைப் பிடுங்கினார். ரிமோட் கீழே விழுந்து பேட்டரி உருண்டோடியது.

"என்னடா, என்ன?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லக்கா." உருண்ட பேட்டரியைக் குனிந்து பொறுக்கினார். "இதப் பதிவு பண்ண டிவி அதோட பூட்டப் போட்டு வச்சிருக்கு. அதே போர்டுதான் தெறக்கும். வேற எதுலயும் தெரியாது."

"போன்ல ஒரு தடவ படம் புடிச்சு வச்சிருக்கலாம்" என்றாள் அக்கா. பிறகு அவளே சொன்னாள்: "தெனம் வீட்ல இருக்கற ஆள யாருடா படம் புடிப்பா?"

பீப் போர்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மீட்டரின் ஒரு முனையை எர்த்தில் வைத்து, மறுமுனையால் மின்சாரம் போகிற தடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஓரிடத்தில் பீப் என்றது. ஒயரைச் சோதிக்கும்போது அது நல்ல சத்தம். இங்கே வரக்கூடாத சத்தம். வருகிற மின்சாரமெல்லாம் நேராகத் தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி.

அந்தத் தடம் போர்டு முழுக்கக் கிளை விட்டுப் போனது. வழியெல்லாம் அரிசி நொய் அளவில் கெப்பாசிட்டர்கள். அவற்றில் எது உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மொத்தத் தடமும் கத்தும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி உத்தமர்கள். வழக்கமாக மாட்டிக்கொள்கிறது இவர்களில் ஒருவர்தான். பீப் ஒன்றைச் சூடு காட்டி எடுத்தார். மீட்டரை வைத்தார். பீப். எடுத்ததைத் தனியாகச் சோதித்தார். நன்றாக இருந்தது. அதை வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

பீப்.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவை மீட்டர் கத்தும்போதும், "இப்ப நல்லதா, கெட்டதா?" என்று கேட்டாள். அவர் அடுத்த கெப்பாசிட்டருக்குப் போய்விட்டார். பிறகு அவள் கேட்பதையும் விட்டுவிட்டாள். காகிதம் நிறைந்துகொண்டு வந்தது. டியூனருக்குப் போகிற வழியைத் துண்டித்துப் பார்த்தார், மெமரியைக் கழற்றிப் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை.

சந்தைப் பக்கம் கடை வைத்திருக்கும் கூட்டாளிக்குப் போன் போட்டார்.

"கெப்பாசிட்டர் எல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"அப்ப மிச்சம் இருக்கறது மெயின் சிப்புதானே? அதத்தான் சொல்ல வர்றியா?"

"நீ வேற ஏதாவது சொல்லுவேன்னுதான் போன் பண்ணேன்."

"வேற போர்டு போட்டுக் குடுத்துருப்பா. இதுக்குப் போய் உயிர விடற."

"இதுல உள்ளதுதான் வேணும். பூட்டு."

"யாருது?"

"அக்காது."

"ஸ்பிரிட் ஊத்திப் பாத்துரு" என்றான் கூட்டாளி, குரலை இறக்கி. "பாத்துட்டா மனசு ஆறும்."

பார்த்தால் ஆறாது என்று பீப்புக்குத் தெரியும். அதனால்தான் அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தார். தடத்துக்கு மிகக் குறைந்த மின்சாரம் கொடுத்து, போர்டின்மேல் ஸ்பிரிட்டைத் தடவ வேண்டும். ஷார்ட் இருக்கிற இடம் சூடாகும். அங்கே முதலில் காயும். ஒளிந்திருப்பதைக் காட்டிக்கொடுப்பதில் இதைவிட நேர்மையான முறை கிடையாது.

சிப்பின்மேல் ஒட்டியிருந்த அலுமினியத் தகட்டைப் பெயர்த்தார். ஸ்பிரிட்டைத் தடவினார். போர்டு முழுக்க மழை விட்ட தெரு மாதிரி பளபளத்தது.

"எதப் பாக்கணும்?" என்றாள் அக்கா.

"எங்க மொதல்ல காயுதுன்னு."

இருவரும் குனிந்தார்கள். பீப்பின் கண் ஓரங்களையே சுற்றியது. எடுக்காமல் விட்ட ஒரு கெப்பாசிட்டர், ஒரு சின்ன டயோடு, எங்காவது ஒரு மூலை. அங்கே காய்ந்துவிட்டால் போதும், சின்ன விஷயம்தான். மூலைகள் ஈரமாகவே இருந்தன.

"இங்கடா" என்றாள் அக்கா. அவள் விரல் நடுவில் இருந்த கறுப்புச் சதுரத்தைக் காட்டியது. அதன் மேல் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு மங்கல் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதானது. "கண்டுபுடிச்சிட்டோம்ல? சின்ன விஷயம்தானே?"

பீப் மின்சாரத்தை நிறுத்தினார். துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"பூட்டு அதுக்குள்ளதான்கா இருக்கு. அதுவே போயிடுச்சு."

"புதுசு வாங்கிப் போடு."

"புதுசுக்கு இந்தப் பூட்டத் தெறக்கத் தெரியாது."

அக்கா சிப்பைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலுக்கு அடியில் இருந்த போர்வையை எடுத்து மடியில் வைத்து மடித்தாள். மூலைக்கு மூலை சேர்த்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். ஊரில் அத்தனை பேருக்கும் பீப் சொன்ன ஆறுதல் தன் அக்காவுக்கு வரும்போது தீர்ந்துபோயிருந்தது.

செத்த போர்டை இரும்புப் பெட்டியில் போட்டுவிடுவது கடை வழக்கம். வேண்டியபோது அதிலிருந்து பாகங்களைப் பிரித்து வேறு டிவிக்குப் போடலாம். பீப் போர்டைக் கையில் எடுத்தார். பெட்டியைத் திறக்கவில்லை. மேசைக்கே திரும்பி உட்கார்ந்து, சாலிடரிங் அயர்னைச் சூடாக்கினார். காகிதத்தில் இருந்த கெப்பாசிட்டர்களில் ஒன்றை இடுக்கியால் எடுத்து அதன் இடத்தில் வைத்து ஒட்டினார். அடுத்ததை எடுத்தார்.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் மாட்டினா ஓடுமா?"

"ஓடாது."

"ஓடாததுக்கு அப்புறம் எதுக்குடா இது?"

அவர் கை அப்படியே நின்றது. தான் கேட்டது அந்த ஜோக்கில் கண்டக்டர் கேட்ட கேள்விதான் என்று உறைத்து, அக்காவும் வாயை மூடிக்கொண்டாள். பதில் இருவருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அது சிரிப்பா என்று நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அக்கா மேசை விளக்கைத் தன் பக்கம் இழுத்து, போர்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"காகிதத்து ஓரத்துல அந்தக் குட்டிய விட்டுட்டியே, பாரு" என்றாள்.