சைக்கிளைக் காரில் எங்கே கட்டுவது?

காரில் சைக்கிள் கட்ட இரும்புச் சட்டம் அடிக்கிற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்துவிடும்: "எங்கே மாட்டினால் நல்லது?" என்று கேட்டு வருகிற யாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை. வாடிக்கைக்காரர் முன்னால் நின்று பிழைக்கும் அன்பர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டார்கள். கார் எந்த ஊர் எல்லையில் நிற்குமோ தெரியாது. அதனால் கார் வைத்திருந்தவர்கள் கூடவே ஒரு சைக்கிளும் கொண்டுபோக ஆசைப்பட்டார்கள். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பட்டறை அதற்குப் பேர்போனது. முதலாளி ஆசாரி சட்டம் அடிப்பார். அளவு எடுப்பதும் போல்ட் முடுக்குவதும் என் வேலை. பதில் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் சொல்லிவிடுவேன்.

நான் நாலாவது பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெஞ்சில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். அப்பா நெசவு. இந்த வேலையும் போனால் தறிதான் என்று சொல்லிவிட்டார். தறி என்றால் தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டுக்கொண்டு, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒரே இடத்தில் உட்கார வேண்டும். எனக்குச் சோறு தின்னக்கூட அவ்வளவு நேரம் உட்கார வராது. எப்படியாவது பட்டறையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது என் கவலை.

மேலே

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணையக்காரர் ஒருவர் வந்தார். சைக்கிள் கார் கூரைக்கு மேலே நிற்க வேண்டும் என்றார். கூரை வெறும் துணிங்க, நாலு கம்பி நட்டுத்தான் நிறுத்த வேணும், உங்க ரோட்டுப் புளியமரமெல்லாம் தாழ்வா இருக்குதுங்க, தட்டும் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஆசாரி "ஆகட்டுங்க" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

நாலாம் நாள் திரும்பி வந்தார். ஹேண்டில்பார் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. சீட்டைக் காணோம், அது மரத்திலேயே தங்கிவிட்டதாம். கம்பிகளுக்கு நடுவே ஒரு கொத்துப் புளியங்காய் மாட்டியிருந்தது. நான் அன்றைக்கே சொன்னேனே என்றேன். பையனுக்கு வாய் நீளம் என்று ஆசாரியிடம் முறையிட்டார். அது முதல் புகார். சரி, இந்தத் தடவையாவது பின்னால் மாட்டலாமா என்று கேட்டேன். பண்ணையக்காரர் பொறுமையாகச் சொன்னார்:

"கீழ கட்டுனா சைக்கிள் இருக்கறது ஆருக்குத் தெரியும் சாமி? மரத்தெ வெட்டச் சொல்லி மனுக் குடுத்திருக்கறேன். நீ பழைய எடத்துலயே கட்டு."

பக்கத்தில்

ராசிபுரத்து நூல் வியாபாரிக்குப் புளியமரம் பயம். காரின் பக்கவாட்டில், ஏறுகிற படிமேல் மாட்டச் சொன்னார். அந்தப் பக்கத்துக் கதவு திறக்காதுங்களே என்றேன். கொஞ்சம் யோசித்தார். தன் பக்கம் வேண்டாம், வீட்டுப் பெண்கள் ஏறுகிற பக்கமும் வேண்டாம், டிரைவர் பக்கத்தை அடைத்துவிடு என்றார். அந்த டிரைவர் அங்கேயேதான் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. சட்டம் மாட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்துகிற நேரம் பார்த்து, வண்டி தீப்பிடித்தால் இந்த மனுசன் எந்த வழியாக வெளியே வருவார் என்று கேட்டுவிட்டேன். நல்ல காரியத்தில் தீ என்ற சொல்லா! வியாபாரி கற்பூரத்தை அணைத்து, வேறு கற்பூரம் வாங்கி வரச் செய்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இது இரண்டாவது புகார். இன்னும் ஒன்று வந்தால் நேரே அப்பன் தறிக்குப் போய்விடு என்று ஆசாரி என் காதில் ஓதினார்.

டிரைவர் எங்களைத் தாண்டி, மறுபக்கத்துக் கதவு வழியாக ஏறி, சீட்டில் நகர்ந்து நகர்ந்து ஸ்டீரிங்குக்குப் போய்ச் சேர்ந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உடு தம்பி. போலீஸ்காரன் கீழ எறங்குன்னா, எறங்க முடியாதுங்கன்னு சைக்கிளக் காட்டிக்கலாம்."

பின்னால்

மூன்றாவதாக வந்தவர் வாழப்பாடிப் பக்கத்து டாக்டர். ரோடு இருக்கிறவரைக்கும் கார், அதற்கப்புறம் வரப்பிலும் ஓடையிலும் சைக்கிள் என்று போய் வைத்தியம் பார்க்கிறவர். சட்டத்தைப் பின்னால் மாட்டச் சொன்னார். இதுதான் புத்தி என்று நினைத்தேன். அளவு எடுக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார், கூப்பன் பெட்ரோல் போதவில்லை, அடுத்த வாரம் கரி கேஸ் டாங்கி வைக்கப் போகிறேன் என்று. அதுவும் காருக்குப் பின்னால்தான் வரும். அதற்குள் கரி கணகணவென்று எரிந்துகொண்டே இருக்கும், அந்தக் கேஸில்தான் கார் ஓடும். நான் கையால் அளந்து பார்த்தேன். டாங்கிக்கும் சைக்கிள் டயருக்கும் ஒரு சாண்.

நாக்கு நமநமவென்றது. திரும்பினால் ஆசாரி என் முதுகுக்குப் பின்னால் நின்று "ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்கிறார். எனக்குத் தறிக்குழி கண்முன் வந்தது. வாயை மூடிக்கொண்டு போல்ட்டை முடுக்கினேன். கார் போய்விட்டது. அப்புறம் எந்தக் கார் சத்தம் கேட்டாலும் தெருவுக்கு ஓடிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் எடுத்த ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்பதுகூட மறந்தது.

பத்து நாள் கழித்து டாக்டர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு சைக்கிள் சக்கரம். டயர் வெல்லப்பாகு மாதிரி வழிந்து விளிம்பில் ஒட்டியிருந்தது. ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரோடு முடிகிற இடத்தில் காரை நிறுத்திச் சைக்கிளை இறக்கப் போனால் இப்படி. பையைத் தூக்கிக்கொண்டு நாலு மைல் நடந்திருக்கிறார். போய்ச் சேரும்போது அந்தப் பெண்ணுக்கு உதிரப் போக்கு நிற்கவே இல்லையாம். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள், ஆனால் மயிரிழைதான் என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

சூடு படும் என்று இங்கே யாருக்குமே தெரியாதா என்று கேட்டார். புதுச் சாமானுங்க, யார் கண்டது என்றார் ஆசாரி. டாக்டர் என் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரியும், அளவெடுக்கும்போதே தெரியும், சொன்னால் வேலை போய்விடும் என்றுதான் சொல்லவில்லை என்றேன். அவர் சக்கரத்தைத் தரையில் வைத்தார்.

"அப்ப நான் நாலு மைல் நடந்தது உன் வேலையக் காப்பாத்தவா?"

நாலாவது இடம்

ஆசாரி கையை நீட்டினார். ஸ்பேனரைக் கொடுத்துவிட்டேன். வேலைதான் போய்விட்டதே என்று மிச்சத்தையும் சொன்னேன். டாக்டர், சட்டமே வேண்டாம், முன் சக்கரத்தைக் கழற்றிச் சைக்கிளைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு போங்கள். வந்த முதல் நாளிலிருந்து எல்லாரிடமும் இதைத்தான் சொல்ல நினைத்தேன் என்றேன். இவன் பேச்சைக் கேட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று ஆசாரி பட்டடைக்கல்லைப் பார்த்துச் சொன்னார்.

டாக்டர் தலையை ஆட்டினார். அந்தப் பெண்ணைக் கட்டிலோடு கார்வரை தூக்கி வரச் செய்து, பின் சீட்டில் படுக்க வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். அங்கே சைக்கிள் கிடந்தால் அவளை எங்கே படுக்க வைப்பது என்று கேட்டார். நான் சக்கரத்தை எடுத்து, விளிம்பில் ஒட்டிய ரப்பரைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு, சைக்கிள் நன்றாக ஓட்டுவாயா, இங்கிருந்து வாழப்பாடிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று விசாரித்தார். எதிர்காற்று இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் என்றேன். கரியில் ஓடுகிற என் கார் மேட்டைக் கண்டால் மூச்சு வாங்குகிறது, நீ எனக்கு முன்னாலேயே போய்விடுவாய் போலிருக்கிறது என்றார். சைக்கிளை யாரும் காரில் ஏற்ற வேண்டாம், என்னிடம் வேலைக்குச் சேர்ந்து நீயே ஓட்டிக்கொண்டு வா என்றார்.

"ஒரே ஒரு கண்டிசன். தெரிஞ்சத அப்பவே சொல்லிரு. இன்னொரு நாலு மைல் என்னால நடக்க முடியாது."

பெர்மிட்டில் வேறு டயர் கிடைத்தது. இப்போது நான் சைக்கிளில் ரோடு முடிகிற இடத்துக்கு முந்திப் போய்க் காத்திருக்கிறேன். டாக்டர் சைக்கிளில் ஏறி வரப்பில் போகிறார். அவர் திரும்பும்வரை கரி அணையாமல் டாங்கிக்குக் காற்று ஊதுகிற கைப்பிடியைச் சுற்றுகிறேன், நின்றுகொண்டுதான். காரின் பின்னால் நான் முடுக்கிய சட்டம் இன்னும் சும்மா ஆடிக்கொண்டிருக்கிறது.

மேலே கட்டினால் ஒடிகிறது, பக்கத்தில் கட்டினால் கதவை அடைக்கிறது, பின்னால் கட்டினால் உருகுகிறது. சைக்கிளுக்குச் சரியான இடம் ரோடுதான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வேலை போக வேண்டியிருந்தது.