பூசைக்குப் போன காபைட்

ஒரு கையில் காபைட் கட்டர், மறு கையில் ஹைஸ்பீட் ஸ்டீல் கட்டர்; இரண்டும் இரும்பு சீவுகிறவை. இரண்டையும் ஏந்தி மனத்தால் நிறுத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் கதிர்காமநாதன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மெல்பேர்ன் டண்டினொங்கில் உள்ள அவருடைய வீட்டுக் கராஜுக்கு யார் போனாலும் இந்தத் தரிசனம் கிடைக்கும். போனவரின் கையிலும் இரண்டையும் திணிப்பார். “பாரம் தெரியுதோ? இதுதான் ஐசே காபைட்! மற்றது கூலிக்காரன்.”

நான் அவர் வேலை செய்யும் தொழிற்சாலையின் அலுவலகத்தில் பேனை பிடிக்கிறவன். எனக்கு இரண்டும் ஒரே விரல் நீள இரும்புத் துண்டுகள்தான். ஆனாலும் தலையாட்டி வைப்பேன். தலையாட்டாதவர்களுக்கு அங்கே தேநீர் தாமதமாகத்தான் வரும்.

கராஜின் நடுவில் ஒரு பழைய சின்ன மில்லிங் மெஷின். மேலே கட்டர் நின்ற இடத்தில் சுற்றும். கீழே பூட்டிய இரும்பு மெல்ல நகர்ந்து சீவுப்படும். இவருடைய மெஷினில் கட்டர் மட்டுமல்ல, மேசை, யன்னல், சுவரில் மாட்டிய கலண்டர் எல்லாமே ஆடும். காபைட் மகா உறுதியான சாமான். எந்தச் சூட்டையும் தாங்கும், நடுக்கத்தை மட்டும் தாங்காது. இதுவரை பதினொரு காபைட் கட்டர்கள் அங்கே பல் உடைந்து போயிருக்கின்றன. குற்றம் ஒரு நாளும் காபைட்டின் மேல் விழுந்ததில்லை. இரும்பு சரியில்லை, கரண்ட் சரியில்லை, மெல்பேர்ன் குளிர் சரியில்லை.

அவருடைய மனைவி சிவனேஸ்வரி தேநீரோடு கராஜ் வாசல்வரை வருவார். உள்ளே காலடி வைக்கமாட்டார். பதினோராவது கட்டர் உடைந்த அன்று வாசலில் நின்றபடி, “நடுங்கிற கையிலை ஆரும் கண்ணாடிச் சாமானைக் குடுப்பினமோ?” என்று கேட்டார்.

“உமக்கு உது விளங்காது” என்றார் கதிர்காமநாதன்.

இந்தப் பக்திக்கு ஒரு காரணம் இருக்கிறது. கொழும்பில் ஓர் அரசாங்கப் பட்டறையில் பதினான்கு வருஷம் மில்லிங் மெஷினில் நின்றவர் அவர். அங்கே காபைட் கட்டர்கள் களஞ்சியப் பொறுப்பாளரின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. பெரிய எஞ்சினியர் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கும். பதினான்கு வருஷத்தில் ஒரு தடவையும் இவருக்காகத் திறக்கவில்லை. இங்கே கடையில் காசைக் கொடுத்தால் யாருடைய கையெழுத்தும் இல்லாமல் சுற்றித் தருகிறார்கள். மனிதர் கோயிலுக்குப் போகிற முகத்தோடு போய் வாங்கி வருவார்.

ஆனால் தொழிற்சாலையில் அவருக்கு மெஷினே இல்லை. மூன்று வருஷமாக வரிசையில் நின்று பெட்டிகளுக்கு மூடி திருகுகிறார். கொழும்பு அனுபவத்தை இங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தொழில் அத்தாட்சிச் சோதனையில் பாஸானால் மில்லிங் மெஷின்கள் நிற்கும் ரூல் ரூமுக்கு, அதாவது கருவிப் பட்டறைக்கு, மாறலாம். அங்கே அந்த வருஷம் ஒரேயொரு இடம் காலியாக இருந்தது. கோட்டை விட்டால் ஓய்வு பெறும்வரை மூடிதான். வயது நாற்பத்தொன்பது.

சோதனைக்கு அழைத்துக் கடிதம் வந்தது. ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி, கட்டர்களைத் தாங்களே கொண்டு வரவேண்டும். கராஜ் கலண்டரில் அந்தத் திகதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து தபாலில் வந்த பஞ்சாங்கமோ குசினியில் தொங்கியது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் சரஸ்வதி பூசைக்கு என்னை அழைத்திருந்தார்கள். நான் போனபோது, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த காபைட் கட்டர்கள் எல்லாம் சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு வெள்ளித் தட்டில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வீற்றிருந்தன. வைத்தவர் கதிர்காமநாதனேதான். ஹைஸ்பீட் கட்டர்கள் வழக்கம்போல் கராஜில், ஜாம் போத்தலுக்குள். கூலிக்காரனுக்கு எதற்குப் பூசை?

அவலை மென்றபடி நான்தான் வாயைக் கொடுத்தேன். “அப்ப நாளைக்குச் சோதினைக்கு எதைக் கொண்டு போறியள்?”

கதிர்காமநாதனின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பூசையில் வைத்ததைத் தசமி பிறக்கும்வரை தொடக்கூடாதே. எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தைக் கழற்றி வந்தார். “விடிய ஆறு ஐம்பதுக்குத் தசமி பிறக்குது. சோதினை ஒன்பதுக்கு. எடுக்கலாம்!”

“அது யாழ்ப்பாணத்து ஆறு ஐம்பது” என்றார் சிவனேஸ்வரி. “இஞ்சை பன்ரண்டு இருபது.”

“சரஸ்வதி இப்ப இஞ்சைதானே இருக்கிறா. இஞ்சத்தை மணிக்கூட்டைப் பாக்கமாட்டாவோ?”

“ஏன், அவவுக்கும் விசா எடுத்துக் குடுத்திட்டியளோ?”

தட்டில் கை வைத்தால் சரஸ்வதி கோபிப்பார். வைக்காவிட்டால் சோதனை போய்விடும். சரஸ்வதி கோபித்தாலும் வாய் திறந்து பேசமாட்டார். சிவனேஸ்வரி பேசுவார். கதிர்காமநாதன் கராஜுக்குப் போய் ஜாம் போத்தலைக் கவிழ்த்து, நாலு ஹைஸ்பீட் கட்டர்களைப் பொறுக்கி ஒயில் கல்லில் தீட்டத் தொடங்கினார். “எல்லாரும் காபைட்டோடை வருவாங்கள். நான் உதோடை போய் நிக்கவேணும்” என்றார், கல்லை விட்டுத் தலை நிமிராமல். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நானே காரில் கூட்டிப்போனேன். சோதனை நடந்த பட்டறையின் கதவு திறந்து கிடந்தது. வெளியே கிடந்த வாங்கில் உட்கார்ந்து எல்லாம் பார்த்தேன். அங்கேயிருந்த மெஷின்களும் நல்ல கிழடுகள். பக்கத்து மெஷினில் நின்ற போலந்துக்காரர் பளபளக்கும் காபைட்டைப் பூட்டினார். பத்தாவது நிமிஷம் ‘டக்’ என்றது. இன்னொன்றைப் பூட்டினார். அதுவும் ‘டக்.’ நம்மவர் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மாட்டுவண்டி வேகத்தில் சீவிக்கொண்டிருந்தார். கூலிக்காரன் முனகினான், உடையவில்லை.

சோதகர் துண்டை வாங்கி அளந்தார், விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “ஏன் காபைட்டைத் தெரிவு செய்யவில்லை?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

காபைட் பூசையில் இருக்கிறது என்று சொல்லவா முடியும்? கதிர்காமநாதன் கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, ஆடுகிற கிழ மெஷினைக் காட்டி, நடுங்குகிற கையில் யாராவது கண்ணாடிச் சாமானைக் கொடுப்பார்களா என்று ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டார். சோதகர் வாய்விட்டுச் சிரித்து, தாளில் பெரிதாக ஒரு ‘சரி’ போட்டார்.

பாஸ். காரில் ஏறியதும் மனிதர் பழையபடி ஆகிவிட்டார். “காபைட் எண்டால் அரை மணித்தியாலம் முந்தி முடிச்சிருப்பன், ஐசே.” நான் தலையாட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே கராஜுக்குள் போனார். சிவனேஸ்வரி வாசலில் வந்து நின்றார். பாஸ் என்று கேட்டதும் கண்ணை ஒற்றிக்கொண்டார். பிறகு, “ஏதும் கேள்வி கேட்டவையோ?” என்றார்.

“ஓம், ஒரு கேள்வி கேட்டவங்கள்.”

“என்ன சொன்னனீங்கள்?”

கதிர்காமநாதன் கதிரைப் பக்கம் திரும்பினார். அந்தக் கராஜில் ஒரேயொரு கதிரைதான் உண்டு. அதில் அவரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்து நான் கண்டதில்லை. அதன் மேல் கிடந்த இரும்புச் சீவலைத் துணியால் தட்டினார். சட்டையின் நுனியால் இன்னொரு தரம் துடைத்தார். வாசல்வரை இழுத்து வந்து, மனைவிக்கு முன்னால் வைத்தார்.

“எவ்வளவு நேரம் நிக்கிறது? உள்ளுக்கை வந்து இரும்.”