சிவந்த செல்களின் படம்

மதுரையில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வயது வந்தவர்களின் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்து, தட்டில் வளர்த்து, இன்சுலின் சுரக்கும் செல்களாக மாற்றப் பார்ப்பதுதான் எங்கள் பாடு. அன்று சாயம் விட்டதும் செல் கொத்துகள் குங்குமமாய்ச் சிவந்தன. சிவந்தால் நல்ல அறிகுறி. எனக்குத் தலைகால் புரியவில்லை. படம் எடுத்து, பந்தல்குடிப் பக்கம் பருத்தி போடும் அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஐந்து வயதிலிருந்து சர்க்கரை நோய், தினமும் நாலு இன்சுலின் ஊசி.

மறுநாள் அந்தச் செல்களுக்குச் சர்க்கரை கொடுத்துப் பார்த்தோம். இன்சுலின் சுரக்கவே இல்லை. அன்று சாயங்காலம், படத்தைப் பார்த்த அண்ணன் போனில் அழுதார். "சாமி கண்ணத் தொறந்துருச்சு ஆத்தா" என்றார். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். கோழைத்தனம், வேறென்ன?

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பிள்ளை பாயில் கிடந்தாள். மணிக்கட்டில் விரதத்துக்குக் கட்டிய மஞ்சள் காப்புக் கயிறு. மூச்சு ஆழமாக இரைத்தது. வாயில் அழுகிய பழ வாடை. அண்ணன் மனைவி பக்கம் திரும்பினேன்.

"ஊசி போட்டீகளா மதினி?"

"காப்புக் கட்டுனா ஊசி முனை மேல படக்கூடாதுல்ல? இத்தன வருசமா இவளுக்கு மட்டும் கட்டாம விட்டோம். இந்த வருசம் நீ செல்லு கொண்டாந்துருவன்னு உங்க அண்ணன் சொன்னாக. ரெண்டு நாளு விரதந்தான, சாப்புடாட்டி சர்க்கரை எங்கிட்டு ஏறப்போகுது?"

சாப்பிடாவிட்டாலும் இன்சுலின் இல்லாமல் அந்த உடம்பு பிழைக்காது. அதை விளக்க நேரமில்லை. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

நர்ஸ் ஊசியோடு வந்ததும் பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"வேணாம். சாமி குத்தம்."

அண்ணன் அவள் கையைப் பிடிக்கத் துணியாமல் நின்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

"அத்த, அந்தச் செல்லு கொண்டாந்துட்டீகளா?"

"கொண்டாந்துட்டேன்டா. இதுக்குள்ளதான் இருக்கு. சாமி ஒண்ணும் சொல்லாது."

கையை நீட்டினாள்.

மூன்றாம் நாள் தெளிந்து எழுந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டுக்கு முன் நர்ஸ் இன்சுலின் ஊசியோடு வந்தார். பிள்ளை சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"இது எதுக்கு அத்த? அதான் செல்லு வச்சாச்சுல்ல?"